திறந்தவெளி நிகழ்வில் மது விற்பனை: இங்கிலாந்தில் ஏற்பாட்டாளர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

இங்கிலாந்திலோ வேல்ஸிலோ ஒரு மைதானத்தில் விழா நடத்தி, அங்கே பார் ஒன்றும் போடலாம் என்று முடிவெடுத்த உடனேயே 2003ஆம் ஆண்டு லைசென்சிங் சட்டம் பொருந்த ஆரம்பித்துவிடும். ஸ்காட்லாந்துக்கும் வட அயர்லாந்துக்கும் சட்டம் வேறு. இங்கே சொல்வதை அங்கே பயன்படுத்த வேண்டாம்.

சிறிய நிகழ்வுகளுக்கு உரியது டெம்பரரி ஈவென்ட் நோட்டீஸ், அதாவது உள்ளூர் நிர்வாக அமைப்பான கவுன்சிலுக்கு முன்கூட்டியே கொடுக்கும் தற்காலிக நிகழ்வு அறிவிப்பு. கட்டணம் 21 பவுண்டு. எளிய படிவம் என்பதாலேயே பலர் அதை அவசரத்தில் நிரப்பி அனுப்பிவிட்டு மறந்துவிடுகிறார்கள். உண்மையில் அந்தப் படிவத்தில் நான்கு எல்லைகளை நீங்களே வரைந்து கொடுக்கிறீர்கள்: எந்த இடம், எந்த நேரம், எத்தனை பேர், என்னென்ன நடக்கும். நிகழ்வு நாளில் இந்த நான்கில் ஒன்றைத் தாண்டினாலும், கையில் நோட்டீஸ் இருந்தும் அது அனுமதியில்லாத விற்பனைதான். அதற்கு வரம்பில்லாத அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கலாம். இந்தத் துறையில் வரும் சிக்கல்களில் பெரும்பாலானவை தாளில் எழுதியதும் தரையில் நடந்ததும் ஒத்துப்போகாததால் வருபவை.

"விற்கவில்லை, சும்மா கொடுக்கிறோம்"

முற்றிலும் இலவசமாகக் கொடுத்தால் லைசென்ஸ் தேவையில்லை என்பது சரி. ஆனால் 15 பவுண்டு நுழைவுச்சீட்டில் ஒரு பியரும் சேர்த்தி என்றால் அது விற்பனை. பார் மேசையில் உண்டியல் வைத்து, காசு போட்டவருக்கு மட்டும் கோப்பை நீட்டினாலும் விற்பனைதான். பணத்துக்கும் மதுவுக்கும் எந்த வழியிலாவது தொடர்பு இருந்தால் நோட்டீஸ் கொடுத்துவிடுங்கள்.

நாள் கணக்கு

மிக அதிகமாக நடக்கும் தவறு இது. சட்டம் கேட்பது 10 முழு வேலை நாட்கள். கவுன்சிலுக்கு நோட்டீஸ் கிடைத்த நாளும் நிகழ்வு நாளும் அந்தப் பத்தில் சேராது. சனி, ஞாயிறு, வங்கி விடுமுறை, புனித வெள்ளி, கிறிஸ்துமஸ் எதுவும் சேராது. நிகழ்வு சனிக்கிழமை என்றால், அதற்கு முந்தைய இரண்டு வாரங்களின் திங்கள் முதல் வெள்ளி வரையே 10 நாட்கள். ஆகவே அதற்கும் முந்தைய வெள்ளிக்கிழமை, அதாவது 15 நாட்களுக்கு முன்பே நோட்டீஸ் போய்ச் சேர்ந்திருக்க வேண்டும். இடையில் ஒரு வங்கி விடுமுறை வந்தால் வியாழக்கிழமை. திறந்தவெளி நிகழ்வுகள் குவியும் மே மாதத்திலும் ஆகஸ்ட் கடைசியிலும்தான் இந்த விடுமுறைகளும் வருகின்றன.

தவறவிட்டவர்களுக்கு, நிகழ்வுக்கு 5 முதல் 9 வேலை நாட்கள் முன்பு கொடுக்கும் தாமத நோட்டீஸ் உண்டு. ஆனால் அதை மாற்று வழியாக நம்பித் திட்டமிடக் கூடாது. வழக்கமான நோட்டீசுக்குக் காவல்துறையோ சுற்றுச்சூழல் சுகாதாரப் பிரிவோ ஆட்சேபித்தால், அவர்களுடன் பேசித் திருத்திக்கொள்ளலாம். விசாரணையில் உங்கள் பக்கத்தைச் சொல்லலாம். தாமத நோட்டீசுக்கு ஒரே ஓர் ஆட்சேபம் வந்தாலும் கதை முடிந்தது, விசாரணை கிடையாது. பர்சனல் லைசென்ஸ் (மது விற்பனைக்குப் பொறுப்பேற்கத் தனி ஆளுக்குத் தரும் உரிமம்) இல்லாத ஒருவர் ஆண்டுக்கு மொத்தம் 5 நோட்டீஸ்தான் கொடுக்க முடியும், அவற்றில் தாமதமானவை 2 மட்டுமே.

கவுன்சிலிடமிருந்து "பெற்றுக்கொண்டோம்" என்று பதில் வந்ததும் எல்லாம் முடிந்துவிட்டதாக எண்ண வேண்டாம். ஆட்சேபிக்க அந்த இரண்டு பிரிவுகளுக்கும் 3 வேலை நாட்கள் உண்டு. அது கழியும் வரை சரக்குக்கு முன்பணம் கட்டாதீர்கள்.

இன்னொன்று: பூங்காவை வாடகைக்கு எடுத்த அனுமதியும் இந்த நோட்டீசும் வேறு வேறு. கவுன்சிலின் பூங்காப் பிரிவு ஒப்புக்கொண்டது லைசென்சிங் பிரிவுக்குத் தெரிந்திருக்கும் என்று நினைப்பது வீண்.

499 என்ற எண்

ஒரே நேரத்தில் உள்ளே இருக்கக்கூடிய அதிகபட்ச எண்ணிக்கை 499. இதில் பார்வையாளர் மட்டுமல்ல. பாரில் ஊற்றுபவர், மேடைக் கலைஞர், ஒலிபெருக்கிக்காரர், தொண்டர், வாசல் காவலர் எல்லாரும் அடக்கம். 480 சீட்டு விற்றுவிட்டு 35 பேரை வேலைக்கு வைத்தால் வரம்பு அங்கேயே உடைந்தது.

பெரிய மைதானத்தில் 3,000 பேர் வந்தாலும், பார் இருக்கும் பகுதியை மட்டும் வேலியடைத்து, அதற்கு மட்டும் நோட்டீஸ் கொடுக்கும் வழி சட்டத்தில் இருக்கிறது. அது வேலை செய்ய வேண்டுமானால் வேலி உண்மையான வேலியாக இருக்க வேண்டும். நான்கு கம்பில் கட்டிய நாடா போதாது. ஒவ்வொரு வாசலிலும் உள்ளே போவோரையும் வெளியே வருவோரையும் எண்ண, கையில் எண்ணும் கருவியுடன் ஆள் நிற்க வேண்டும். படிவத்தோடு வரைபடமும் போக வேண்டும். இங்கேதான் ஒரு நுணுக்கத்தைப் பலர் விட்டுவிடுகிறார்கள். வேலிக்குள் வாங்கிய கோப்பையோடு ஆட்கள் மைதானத்துக்குப் போய்க் குடிப்பார்கள் என்றால், அது இடத்துக்கு வெளியே அருந்துவதற்கான விற்பனை. படிவத்தில் "உள்ளே" என்பதை மட்டும் குறித்திருந்தால் போதாது. "உள்ளேயும் வெளியேயும்" என்பதைக் குறிக்க வேண்டும். மது அருந்துவதற்காகவே ஒதுக்கிய அந்த வேலிக்குள், 18 வயதானவர் கூட வராமல் 16 வயதுக்குட்பட்டவர்களை விடவும் முடியாது. வாசலில் நிற்பவருக்கு இது தெரிந்திருக்க வேண்டும்.

ஒரே இடத்துக்கு நண்பர் பெயரிலும் மனைவி பெயரிலும் அடுத்தடுத்து நோட்டீஸ் போட்டு நாட்களை நீட்டும் யோசனை அடிக்கடி வருகிறது. ஒரு நோட்டீஸ் 168 மணி நேரம் வரைதான். அதே இடத்துக்கு அதே ஆள் கொடுக்கும் இரண்டு நோட்டீசுகளுக்கு நடுவே 24 மணி நேர இடைவெளி வேண்டும். கணவன், மனைவி, பெற்றோர், பிள்ளைகள், உடன்பிறந்தோர், உங்களிடம் வேலை செய்பவர் யாராக இருந்தாலும் சட்டம் உங்களோடு சேர்த்தே எண்ணும்.

500ஐத் தொடும் என்ற சந்தேகம் இருந்தால் காலவரையறையுள்ள பிரமிசஸ் லைசென்சுக்கு (அந்த இடத்துக்கான உரிமம்) விண்ணப்பிப்பதுதான் நேர்வழி. அதற்கு 28 நாள் ஆட்சேபக் காலம் உண்டு. யாராவது எதிர்த்தால் விசாரணைக்கு மேலும் 20 வேலை நாட்கள் வரை போகும். மதுப் பொறுப்பாளராகப் பர்சனல் லைசென்ஸ் உள்ள ஒருவரைப் பெயர் சொல்லி நியமிக்க வேண்டும். ஆறு மாதம் முன்பே தொடங்குங்கள்.

பாட்டை மறந்த படிவம்

மதுவைக் குறித்துவிட்டு இசையைக் குறிக்காமல் விடுவது இன்னொரு வழக்கமான பிழை. ஏற்கெனவே லைசென்ஸ் உள்ள மதுவிடுதியில், காலை 8 முதல் இரவு 11 வரை, 500 பேருக்குள் நடக்கும் இசைக்குத் தனி அனுமதி வேண்டாம் என்ற தளர்வை எல்லா இடத்துக்கும் பொருத்திப் பார்க்கிறார்கள். உங்கள் வெறும் மைதானம் அப்படிப்பட்ட இடமல்ல. இரவு 11க்கு மேல் சூடான உணவோ தேநீரோ விற்பதும் தனியாகக் குறிக்க வேண்டிய செயல்.

பார் மேசையில்

18 வயதுக்குட்பட்டவருக்கு விற்றால் வரம்பில்லாத அபராதம். பார்த்தால் 25 வயதுக்குள் தெரியும் எவரிடமும் அடையாள அட்டை கேட்பது என்பதே நடைமுறை. பாஸ்போர்ட், புகைப்படம் உள்ள ஓட்டுநர் உரிமம், பாஸ் ஹோலோகிராம் (வயதுச் சான்று அட்டைகளுக்கான பிரிட்டன் தர முத்திரை) உள்ள அட்டை, இவையே நம்பத்தக்கவை. பல்கலைக்கழக அட்டையை ஏற்காதீர்கள். தொண்டர்கள் பாரில் நிற்கும்போது தெரிந்தவர் பிள்ளை என்று விட்டுவிடுவதுதான் ஆபத்து. மறுத்த ஒவ்வொரு முறையும் நேரம், காரணம், மறுத்தவர் பெயர் மூன்றையும் ஒரு நோட்டில் எழுதச் சொல்லுங்கள். பிறகு கேள்வி வந்தால் அந்த நோட்டுத்தான் பேசும்.

16, 17 வயதினர் பெரியவரோடு சாப்பிடும்போது பியரோ ஒயினோ அருந்தலாம் என்ற விலக்கு மேசையில் உட்கார்ந்து உண்ணும் உணவுக்கு மட்டுமே. புல்தரையில் நின்று தின்னும் பர்கருக்கு அல்ல. போதை ஏறியவருக்கு விற்பதும் குற்றம், அவருக்காக நண்பர் வாங்கித் தருவதும் குற்றம்.

பீப்பாயிலிருந்து ஊற்றும் பியரை அரசு முத்திரையில்லாத பிளாஸ்டிக் கோப்பையில் "ஒரு பைன்ட்" என்று விற்கக் கூடாது. அளவுக் குறி உள்ள முத்திரைக் கோப்பை வாங்குங்கள், அல்லது கேனாகவே விற்றுவிடுங்கள். ஜின், ரம், விஸ்கி, வோட்கா என்றால் 25 அல்லது 35 மில்லி அளவில், எது என்று எழுதி வைத்து. ஒயின் 125 அல்லது 175 மில்லி. கண்ணாடி வேண்டவே வேண்டாம். புல்லில் கிடக்கும் துண்டு அடுத்த நாள் அங்கே விளையாட வரும் குழந்தையின் காலில் ஏறும்.

மைதானம்

எத்தனை பேர் நிற்கலாம் என்பதை நிலத்தின் மொத்தப் பரப்பை வைத்துச் சொல்வது தவறு. 40 மீட்டருக்கு 30 மீட்டர் இடம் 1,200 சதுர மீட்டர். மேடை, பார், வேலி, சேறான சரிவு என்று 400 போனால் மிஞ்சுவது 800. சதுர மீட்டருக்கு 2 பேர் என்றால் 1,600. ஆனால் ஆட்கள் சமமாகப் பரவி நிற்பதில்லை. மேடைக்கு முன்னாலும் பாருக்கு முன்னாலும் குவிவார்கள். ஓரிடத்தில் சதுர மீட்டருக்கு 5 பேரைத் தாண்டினால் தனி ஆள் தன் விருப்பப்படி நகர முடியாது. கூட்டம்தான் அவரை நகர்த்தும். அதனால் பார் வரிசை ஒருபோதும் வெளியேறும் வழியையோ மேடை முன்பகுதியையோ நோக்கி வளரக் கூடாது. நிகழ்வுத் திடலின் ஓரத்தில், வரிசைக்கென்று தனி இடம் விட்டுப் பாரை அமையுங்கள்.

வெளியேறும் வழிக்கும் கணக்கு உண்டு. விளையாட்டரங்கப் பாதுகாப்புக் கணக்கில் சமதரையில் ஒரு மீட்டர் அகலத்தில் நிமிடத்துக்கு 82 பேர் போவார்கள். 1,600 பேர் 8 நிமிடத்தில் வெளியேற ஏறக்குறைய 2.5 மீட்டர் வேண்டும். ஒரு வாசல் அடைபட்டாலும் மற்றது தாங்க வேண்டும் என்பதால், எதிரெதிர்த் திசைகளில் 2.5 மீட்டரில் இரண்டு. சரக்கு வண்டியை அதன் குறுக்கே நிறுத்தினால் இந்தக் கணக்கு எல்லாம் வீண்.

பியர் அழுத்தத்துக்கு வைக்கும் கார்பன் டை ஆக்சைடு உருளையை மூடிய கூடாரத்துக்குள் படுக்க வைத்திருப்பதைக் காணலாம். இந்த வாயு காற்றைவிடக் கனமானது. கசிந்தால் தாழ்ந்த இடத்தில் தேங்கி, குனிந்து குழாய் மாட்டுபவரை மயக்கமடையச் செய்யும். உருளை நிமிர்ந்து, சங்கிலியால் கட்டப்பட்டு, காற்றோட்டமான இடத்தில் இருக்கட்டும். மின் இணைப்புகளுக்கு 30 மில்லிஆம்பியர் கசிவுத் துண்டிப்பான் கட்டாயம் வேண்டும். சிந்திய பியரும் நீட்டிப்புக் கம்பியும் சேரும் இடம் பார். காற்று வேகம் எவ்வளவு ஏறினால் கூடாரத்தை மூட வேண்டும் என்று தயாரிப்பாளர் சொன்ன எண்ணை முன்பே எழுதி வைத்து, அந்த முடிவை எடுக்கும் ஒருவரை நியமியுங்கள்.

கழிப்பறைக்குப் பெண்கள் 100 பேருக்கு ஒன்று என்பதைத் தொடக்கக் கணக்காக வைத்து, பார் இருந்தால் கூட்டுங்கள். போதாதபோது ஆட்கள் பக்கத்து வீட்டு வேலியைத் தேடுவார்கள். அடுத்த ஆண்டு நோட்டீசுக்கு வரும் ஆட்சேபம் அங்கிருந்து பிறக்கும். குடிதண்ணீரை இலவசமாக, பாரில் கேட்காமலே எடுக்கக்கூடிய இடத்தில் வையுங்கள்.

ஒப்பந்தத்தில் அமர்த்தும் காவலர் ஒவ்வொருவரிடமும் செல்லுபடியாகும் எஸ்.ஐ.ஏ. (தனியார் காவல் துறையை ஒழுங்குபடுத்தும் அமைப்பு) லைசென்ஸ் இருக்கிறதா என்று அன்று காலையிலேயே பாருங்கள். பொதுப் பொறுப்புக் காப்பீட்டில் மது விற்பனை உள்ளடங்கியிருப்பதை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். நோட்டீசின் பிரதியைக் கண்ணில் படும்படி ஒட்டுங்கள், அல்லது அது யாரிடம் இருக்கிறது என்ற அறிவிப்பையாவது ஒட்டுங்கள். விற்பனையை நிகழ்வு முடிவதற்கு அரை மணி நேரம் முன்பே நிறுத்துங்கள். இசையும் பாரும் ஒரே நிமிடத்தில் நின்றால் எல்லாரும் கடைசிக் கோப்பையோடு ஒரே வாசலுக்கு வருவார்கள்.