பன்னில் எஸ்கியூலைட் ஓடாதபோது நான் செய்தது

அக்கரைப்பற்றில் ஓர் அரிசி ஆலையின் நெல் கொள்வனவுக் கணக்கு, நான் எழுதிய சிறிய நோட்.ஜேஎஸ் சர்வரில் ஓடுகிறது. பெரும்போக அறுவடைக்கு முன் அதை, நோட் போலவே ஜாவாஸ்கிரிப்ட் நிரலை ஓட்டும் பன் (Bun) ரன்டைமுக்கு மாற்றிப் பார்த்தேன். எக்ஸ்பிரஸ் வெப் ஃபிரேம்வர்க் உட்பட மற்றதெல்லாம் அப்படியே ஓடின. தரவுத்தளத்தைத் தொடும் எஸ்கியூலைட் (SQLite) பேக்கேஜ் மட்டும் ஏறவே இல்லை.

காரணம், உள்ளே ஜாவாஸ்கிரிப்டை இயக்கும் எஞ்சின். நோட்டும், டீனோ என்ற இன்னொரு ரன்டைமும் வி8 எஞ்சின் மேல் நிற்பவை. பன் ஜாவாஸ்கிரிப்ட்கோர் மேல். வெறும் ஜாவாஸ்கிரிப்டில் எழுதிய பேக்கேஜுக்கு இது பெரிய விஷயமில்லை. சி பிளஸ் பிளஸில் எழுதி, வி8-இன் இடைமுகத்தை நேரடியாகத் தொடும் பேக்கேஜ்தான் அடிபடுகிறது. எஞ்சினைச் சாராத நோட்-ஏபிஐ இடைமுகம் வழியாக எழுதியிருந்தால் ஓட வாய்ப்பு அதிகம். பேக்கேஜைத் தேர்ந்தெடுக்கும்போதே இதைப் பார்ப்பது நல்லது.

சரி, தீர்வு. தரவுத்தளத்தைத் தொடும் வரிகளை ஒரே கோப்புக்குள் கொண்டுவந்தேன். பன் என்றால் அதனுடனேயே வரும் ‘பன்:எஸ்கியூலைட்’, நோட் என்றால் 22.5 பதிப்பில் சேர்ந்த ‘நோட்:எஸ்கியூலைட்’. இரண்டையும் டைனமிக் இம்போர்ட்டில்தான், அதாவது ஓடும்போது தேவையானதை மட்டும் ஏற்றும் முறையில்தான், அழைக்க வேண்டும். கோப்பின் தலையில் எழுதினால் மற்ற ரன்டைம் தொடக்கத்திலேயே நின்றுவிடும்.

அப்புறம், பேக்கேஜ்களை நிறுவியதும் ஓட வேண்டிய போஸ்ட்இன்ஸ்டால் ஸ்கிரிப்டுகளை பன் பொதுவாகத் தானாக ஓட்டாது. தேவையானவற்றை பேக்கேஜ்.ஜேசனில் ‘டிரஸ்டட்டிபென்டென்சீஸ்’ பட்டியலில் சேர்த்துவிடுங்கள்.