நீராகாரம், களி, சுண்டல்: மறதி நோயைத் தள்ளிப்போடக் குடலுக்கு என்ன கொடுப்பது?

வீட்டில் அறுபதைத் தாண்டிய அப்பா, அம்மா இருந்தால், மறதிக்கென்று விற்கும் புரோபயாடிக் (நல்ல பாக்டீரியா அடங்கிய) மாத்திரையைத் தேடுவதற்கு முன் அடுப்படியைக் கவனியுங்கள். நம்மால் செரிக்க முடியாத நார்ச்சத்தைப் பெருங்குடலில் வாழும் பாக்டீரியாக்கள் தின்று, பியூட்டிரேட் போன்ற கொழுப்பு அமிலங்களை உண்டாக்குகின்றன. பெருங்குடல் சுவருக்கு அதுதான் முக்கிய எரிபொருள். நார் குறைந்தால் அந்தச் சுவர் பலவீனமாகி, பாக்டீரியாவின் நச்சுத் துணுக்குகள் ரத்தத்தில் கலந்து, உடலெங்கும் லேசான அழற்சி நீடிக்க வழியாகிறது. நாள்பட்ட அழற்சி மூளைக்கும் நல்லதல்ல.

2017இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வில், அல்சைமர் என்ற மறதி நோய் உள்ளவர்களின் குடலில் பாக்டீரியா வகைகளே குறைந்திருந்தன, பிஃபிடோபாக்டீரியா என்ற நல்ல பாக்டீரியாவும் குறைவு. நோய் வந்து சாப்பாடு மாறியதால் அப்படி ஆனதா, முன்பே அப்படி இருந்ததா என்பதை அந்த ஆய்வை மட்டும் வைத்து முடிவுகட்ட முடியாது. ஆகவே ‘இந்த பாக்டீரியா மறதியைக் குணமாக்கும்’ என்று யார் விற்றாலும் வாங்காதீர்கள். நாரைக் கூட்டுவது சர்க்கரை, கொலஸ்ட்ரால், மலச்சிக்கல் மூன்றையும் கட்டுப்படுத்த உதவும். அதற்காகவே செய்யலாம்.

நாளைக்குச் சுமார் 30 கிராம் நார் வேண்டும். வெள்ளை அரிசி 100 கிராமில் 3 கிராம்கூட இல்லை. ராகியிலும் கம்பிலும் 11 கிராம், பச்சைப்பயறில் 17, கொண்டைக்கடலையில் 25 கிராம் அளவுக்கு இருக்கிறது. கணக்கு இப்படி வரும்: காலையில் 50 கிராம் ராகி மாவில் களி, மாலையில் 40 கிராம் கொண்டைக்கடலையை ஊறவைத்துச் சுண்டல், ஒரு பெரிய கொய்யா, மதியம் ஒரு கிண்ணம் கீரையும் ஒரு கிண்ணம் அவரைப் பொரியலும். இதிலேயே 30 நெருங்கிவிடும். சேலத்தில் சூரமங்கலம், தாதகாப்பட்டி உழவர் சந்தைகளுக்குக் காலையில் போனால் கீரையும் கொய்யாவும் வாடாமல் கிடைக்கும். சேர்வராயன் மலைக் கிராமங்களில் விளையும் சாமையும் தினையும் வெள்ளை அரிசிக்கு நல்ல மாற்று. உமி நீக்கிய பிறகு அதிகம் தீட்டாததாகப் பார்த்து வாங்குங்கள். சேலத்து ஜவ்வரிசியை மட்டும் இந்தக் கணக்கில் சேர்க்க வேண்டாம். மரவள்ளிக் கிழங்கிலிருந்து மாவுச்சத்தைத் தனியே பிரித்துச் செய்வதால் அதில் நார் ஏறக்குறைய இல்லை. தட்டுவடைகளுக்கு நடுவே காய்த் துருவல் வைத்துத் தரும் தட்டுவடை செட் சாப்பிடுவதானால் வடையைக் குறைத்து, பீட்ரூட், கேரட் துருவலைக் கூடுதலாகப் போடச் சொல்லுங்கள்.

ஒரே நாளில் 30 கிராமுக்குத் தாவினால் வயிறு உப்பும், வாயு பிடிக்கும், மூன்றாம் நாளே பெரியவர் ‘எனக்கு வேண்டாம்’ என்று தட்டைத் தள்ளிவிடுவார். வாரத்துக்கு 5 கிராம் வீதம் கூட்டுங்கள். பயறை எட்டு மணி நேரம் ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டுப் புதுத் தண்ணீரில் வேகவிட்டால் வாயு குறையும். நாரைக் கூட்டித் தண்ணீரைக் கூட்டாவிட்டால் மலச்சிக்கல் இன்னும் இறுகும். சிறுநீரக நோய், இதய பலவீனம் உள்ளவர்களுக்குத் தண்ணீரின் அளவை டாக்டர்தான் சொல்ல வேண்டும். ரத்தம் உறையாமல் தடுக்கும் வார்ஃபாரின் மாத்திரை சாப்பிடுபவர்கள் கீரையைத் திடீரென்று கூட்டவும் கூடாது, நிறுத்தவும் கூடாது. விழுங்கத் திணறுபவருக்கு முழுப்பயறு புரை ஏறும், மசித்துக் கொடுங்கள்.

நாருக்கு அடுத்தது புளித்த உணவு, அதில் முதலில் பழைய சோறு. புழுங்கலரிசியைக் குழைய விடாமல் வடியுங்கள். சாதம் ஆறியதும், அதாவது ஒன்றரை மணி நேரத்துக்குள், மண்சட்டியில் போட்டு, கொதிக்கவைத்து ஆறிய தண்ணீரைச் சோற்றுக்கு மேல் இரண்டு விரல் நிற்க ஊற்றுங்கள். முக்கியமான இடம் இதுதான். வெதுவெதுப்பான சாதத்தைத் தண்ணீரில்லாமல் மணிக்கணக்கில் வைத்தால் பேசிலஸ் சீரியஸ் என்ற பாக்டீரியா பெருகி வாந்திக்கான நச்சை உண்டாக்கும்; அந்த நச்சு மறுபடி சூடாக்கினாலும் போகாது. முந்தைய நாள் நீராகாரத்தில் ஒரு கரண்டி சேர்த்தால் புளிப்பு சீக்கிரம் ஏறும். உப்பை இரவில் போடாதீர்கள், சாப்பிடும்போது போதும்.

சித்திரை, வைகாசியில் சேலம் நகரத்தில் எட்டு மணி நேரமே போதும். அதற்கு மேல் விட்டால் புளிப்பு முற்றிவிடும். சுமார் 1,500 மீட்டர் உயரத்து ஏற்காட்டில் மார்கழிக் குளிருக்குப் பன்னிரண்டு, பதினான்கு மணி நேரம்கூட ஆகும். சட்டியை அடுப்போரம் வையுங்கள். சரியாக வந்திருந்தால் தண்ணீர் லேசாக வெண்மையாக, ஓரத்தில் ஒன்றிரண்டு குமிழியோடு, மோர் வாசனையோடு இருக்கும். பருக்கையை அழுத்தினால் மெத்தென்று உடையும். நூல் நூலாக இழுத்தாலோ, இளஞ்சிவப்போ கறுப்போ தெரிந்தாலோ, அழுகல் வாடை அடித்தாலோ முழுவதையும் கொட்டிவிட்டு, சட்டியை வெந்நீரில் கழுவி வெயிலில் காயவையுங்கள். சர்க்கரை உள்ளவர்களுக்கு ஒரு சிறு கிண்ணமும் நிறையச் சுண்டலும். கீமோதெரபி எடுப்பவர்கள், எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்கள் காய்ச்சாத புளித்த உணவைத் தவிர்க்க வேண்டும்.

உயிருள்ள பாக்டீரியா வேண்டுமென்றால் மோரை ஆறிய களியில்தான் கரைக்க வேண்டும். கொதிக்கும் மோர்க்குழம்பில் அது பிழைக்காது. இட்லியிலும் அப்படியே, வேகும்போது செத்துவிடும். ஆனாலும் மாவு புளிப்பதால் இரும்பு, துத்தநாகம் உடம்பில் சேர்வது எளிதாகிறது. எண்ணெயும் உப்பும் மிதக்கும் ஊறுகாய் குடலுக்கென்று சாப்பிடும் பொருளல்ல. ரத்த அழுத்தத்தைத்தான் ஏற்றும்.

சாப்பாடு மட்டும் போதாது. 2015இல் வெளியான ஃபின்லாந்து ஆய்வில் 60 முதல் 77 வயது வரையிலான 1,260 பேரில் பாதிப் பேருக்கு உணவு, உடற்பயிற்சி, மூளைப் பயிற்சி, ரத்த அழுத்தக் கவனிப்பு நான்கையும் சேர்த்துக் கொடுத்தார்கள். இரண்டு ஆண்டு முடிவில் மற்றவர்களைவிட அவர்களின் சிந்தனைத் திறன் மேம்பட்டிருந்தது. லான்செட் மருத்துவ இதழின் 2024 அறிக்கை, மறதி நோய்க்கு வழிவகுக்கும், நம்மால் மாற்றக்கூடிய 14 காரணிகளைச் சொல்கிறது. அவற்றில் அதிகப் பங்கு காது மந்தத்துக்கும் கெட்ட கொலஸ்ட்ராலுக்கும். டிவி சத்தத்தைக் கூட்டிக்கொண்டே போகிறார் என்றால் காதைச் சோதித்து, கருவி பொருத்துங்கள். வாரத்தில் 150 நிமிடம் நடை, வெயில் ஏறும் முன், முடிந்தால் பேச்சுத் துணையோடு.

மறதி தெரிந்ததும் முதலில் வைட்டமின் பி12, தைராய்டு, சர்க்கரை, ஹீமோகுளோபின் பாருங்கள். பி12 குறைவும் தைராய்டு குறைவும் மறதி நோய்போலவே காட்டும், மருந்தில் தேறக்கூடும். சர்க்கரைக்கான மெட்ஃபார்மினும், வயிற்று அமிலத்தைக் குறைக்க ஆண்டுக்கணக்கில் போடும் பேன்டோபிரசோலும் பி12ஐக் குறைக்கக்கூடியவை. அவற்றை நீங்களாக நிறுத்தாமல் டாக்டரிடம் கேளுங்கள். மீதமிருக்கும் ஆன்டிபயாடிக்கைச் சளிக்குப் போடுவதும் வேண்டாம். குடலின் நல்ல பாக்டீரியாவையும் அது அழிக்கும்.

நேற்றுவரை தெளிவாக இருந்தவர் இன்று ஆளைத் தெரியாமல் உளறினால் அது பெரும்பாலும் மெதுவாக வரும் மறதி நோயல்ல. சிறுநீர்த் தொற்று, சோடியம் குறைவு, பக்கவாதம் என எதுவாகவும் இருக்கலாம். சாப்பிடும் மாத்திரைகள் அத்தனையையும் ஒரு பையில் போட்டுக்கொண்டு உடனே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போங்கள்.