லொறியின் பின் பிறேக் வால்வுக்கு அளவு வைப்பது எப்படி?

சுன்னாகத்தில் வெங்காயம் ஏற்றி ஏ9 வீதியால் தெற்கே போகும் சிறிய லொறி, பல வேளைகளில் வெறுமையாகத் திரும்பும். வெறும் லொறியிலும் பின் பிறேக் முழுப் பலத்தோடு பிடித்தால் சில்லு இறுகி வழுக்கும். அதைத் தடுப்பதற்காகச் சேசியில் ஒரு வால்வு இருக்கிறது. அதன் நெம்புகோல், கம்பியாலோ ஸ்பிறிங்காலோ பின் அச்சோடு இணைந்திருக்கும்.

இந்த வால்வுக்குப் பாரம் தெரியாது. சேசிக்கும் அச்சுக்கும் இடையிலுள்ள உயரம் மட்டுமே தெரியும். மூடை ஏற ஏற உயரம் குறையும், பின் பிறேக்குக்குப் போகும் அழுத்தம் கூடும்.

எண்ணெய் பிறேக் உள்ள லொறிகளுக்கான செய்முறை இது. வால்வில் எண்ணெய் கசிந்தால் அளவு வைத்துப் பயனில்லை, மாற்றிவிடுங்கள்.

சமதரையில் வெறும் லொறியை நிறுத்திச் சில்லுகளுக்குக் கட்டை வையுங்கள். மேலதிகச் சில்லும் அதனிடத்தில் இருக்கட்டும்.

அடுத்ததில்தான் வேலை கெடுகிறது. வசதிக்காகச் சேசிக்கு ஜாக் கொடுத்துத் தூக்கிவிடுகிறார்கள். அச்சு கீழே தொங்கும், உயரம் கூடும், அந்த நிலையில் எடுக்கும் எந்த அளவும் பொய். நான்கு சில்லும் தரையில் நின்று லொறியின் எடையைச் சுமக்க வேண்டும். கராஜ் குழிக்கு மேல் நிறுத்திச் செய்வதே சரி.

நெம்புகோலைக் கையால் அசைத்துப் பாருங்கள். தீவுப்பகுதியில் ஓடும் லொறிகளில் உப்புக்காற்றால் நெம்புகோலின் மூட்டு இறுகிவிடும். துரு நீக்கும் எண்ணெய் விட்டு, தடையின்றி அசைந்த பிறகே தொடருங்கள். பழைய நிலையைப் பெயின்றால் குறித்துவையுங்கள்.

சிலர் ஸ்பிறிங்கின் நீளத்தை மட்டும் அளந்து முடிப்பார்கள். எனக்கு அழுத்தமானியில்தான் நம்பிக்கை. முன்னுக்கு ஒன்று, பின்னுக்கு ஒன்று எனச் சில்லுகளிலுள்ள காற்று வெளியேற்றும் முனைகளில் பூட்டுங்கள். முன் அழுத்தம் உங்கள் லொறியின் கைந்நூல் சொல்லும் அளவுக்கு வரும்வரை பிறேக்கை மிதித்து, பின் அழுத்தத்தைப் பாருங்கள். அதற்குக் கைந்நூல் சொல்லும் அளவைவிடக் குறைவென்றால், பாரம் ஏறும்போது நெம்புகோல் எந்தப் பக்கம் நகருமோ அந்தப் பக்கம் சிறிது நகர்த்துங்கள். கூடுதலென்றால் மறுபக்கம். பூட்டு நட்டுக்கு ரிங் ஸ்பானரே நல்லது, அட்ஜஸ்டபிள் ஸ்பானர் முனைகளை மழுக்கிவிடும். கடைசியில் குழாயிலுள்ள காற்றை வெளியேற்றி, ஆளில்லாத உலர்ந்த வீதியில் மெதுவாக ஓடி பிறேக் பிடித்துப் பாருங்கள். முன் சில்லுக்கு முந்திப் பின் சில்லு இறுகக் கூடாது.

பின்னர் சேர்த்தது: மேலதிக ஸ்பிறிங் பட்டை போட்டவர்கள் கொடிகாமத்திலிருந்தும் பருத்தித்துறையிலிருந்தும், அதனால் இந்த வால்வு பாதிக்கப்படுமா என்று கேட்டிருந்தார்கள். பட்டை கூடினால் லொறி முழுப் பாரத்திலும் தாழாது. வால்வு அதை வெறும் லொறியாகவே எடுத்துக்கொள்ளும், முன் லைனிங் விரைவில் தேயும். இதற்காக நெம்புகோலைக் கம்பியால் மேலே இழுத்துக் கட்டுவது மிக ஆபத்து. மழை நாளில் வெறும் லொறி பின்பக்கமாகச் சுழன்றுவிடும். வெறுமையிலும் பாரத்திலும் தனித்தனியே அளந்து பாருங்கள். இரண்டும் ஒருசேரச் சரிவராவிட்டால் அந்தப் பட்டையைக் கழற்றிவிடுங்கள்.