சிவனொளிபாத மலையேறுவதற்கு முந்திய இரவு: தனியாகக் கூடாரம் அடித்துத் தங்கும் முறை

கிளிநொச்சியிலிருந்து பகல் முழுவதும் பஸ்ஸில் குலுங்கி வந்து, அன்று நள்ளிரவிலேயே 2243 மீற்றர் உயரமான மலையில் ஏறத் தொடங்குவதைவிட, மலையடிவாரத்திலுள்ள நல்லதண்ணியில் ஓர் இரவும் பகலும் தங்கி உடம்பை ஆறவிட்டு ஏறுவதே சிறந்தது. மார்கழிப் பௌர்ணமியிலிருந்து வைகாசிப் பௌர்ணமி வரையிலான யாத்திரைக் காலத்திலேயே போங்கள். அக்காலத்தில் படிகள் நெடுக விளக்கு எரியும்; தனியாக ஏறுபவருக்கு அது பெரிய துணை.

முதலில் சொந்த வளவில் ஒரு தடவை, இருட்டிய பின்னர் கூடாரத்தை அடித்துப் பழகுங்கள். பங்குனி வெயிலில் இறுகிய எங்கள் மண்ணில் முளை இறங்காது. முதல்நாளே தண்ணீர் ஊற்றி வைக்க வேண்டும். மலை மண்ணோ இளகியது என்பதால் அங்கே நீளமான முளைகள் தேவை. முளையின் தலை கூடாரத்துக்கு எதிர்ப்பக்கமாகச் சாய்ந்திருக்கும்படி அடித்தால்தான் காற்றில் கயிறு பிடுங்கிக்கொண்டு போகாது.

சரணாலயக் காட்டுக்குள் அனுமதியின்றித் தங்கக் கூடாது. அடிவாரத்தில் காணிக்காரரிடம் கேட்டு, நீரோடைக்கும் காய்ந்த கொப்புகள் உள்ள மரங்களுக்கும் விலகிய இடமாகத் தெரிவு செய்யுங்கள். எங்கே தங்குகிறீர்கள், எத்தனை மணிக்கு ஏறுவீர்கள் என்பதை வீட்டுக்கும் காணிக்காரருக்கும் சொல்லிவிடுங்கள்.

இனி நான் தவறிய இடத்துக்கு வருகிறேன். தறப்பாளைப் பற்றி வன்னிச் சனத்துக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை என்ற நினைப்பில், கூடாரத்தின் அடித்தளத்தைவிட இரண்டு முழம் பெரிய தறப்பாளை விரித்து, அதன்மேல் கூடாரத்தை நிறுத்தினேன். இரவு பெய்த மழை கூடாரச் சீலையில் வழிந்து, வெளியே நீண்டிருந்த அந்த விளிம்பில் விழுந்து, தறப்பாளுக்கும் கூடாரத்துக்கும் நடுவே குளமாகத் தேங்கியது. படுத்திருந்தபோது முதுகின் கீழே தண்ணீர் அசைவதை உணர்ந்துதான் விழித்தேன். தறப்பாளின் நான்கு விளிம்புகளையும் கூடாரத்தின் அடிக்குள் மடித்துவிடுங்கள். வெளியே ஒரு விரல் அகலமும் தெரியக் கூடாது.

குளிரும் கீழேயிருந்துதான் வருகிறது. ஒவ்வோர் 1000 மீற்றருக்கும் வெப்பநிலை ஏறத்தாழ 6.5 பாகை குறையும் என்பதை எண்ணி இரண்டு கம்பளிகள் கொண்டுபோயிருந்தேன். ஆனால் உடம்பின் பாரத்தில் நசுங்கிய கம்பளியில் காற்று தங்குவதில்லை. காற்று இல்லாவிட்டால் அது சூட்டைக் காக்காது. ஆகவே கம்பளி ஒன்றைக் குறைத்தாவது ஒரு சென்ரிமீற்றர் தடிப்பான நுரைப்பாய் ஒன்று வாங்குங்கள். கடையில் அதன் மூலையைத் தண்ணீரில் நனைத்துப் பிழிந்து பாருங்கள். தண்ணீர் கசிந்தால் அது வேண்டாம். காற்றடிக்கும் மெத்தை ஒரு முள்ளுக்கே தாங்காது என்பதால் அதை நான் பரிந்துரைக்க மாட்டேன். பணம் குறைவென்றால், உரப்பைக்குள் வைக்கோலைப் பரவலாக அடைத்துக் கட்டினாலும் போதும்.

உணவுக்குப் புழுக்கொடியலும் எள்ளுருண்டையும் எனக்குப் போதுமானவையாக இருந்தன. தேநீர் வைப்பதாயின் அடுப்பைக் கூடாரத்துக்கு வெளியே வையுங்கள். அடுப்பிலிருந்து மூடிய கூடாரத்துள் சேரும் காபனோரொட்சைட்டு என்ற நச்சு வாயுவுக்கு மணமில்லை, அது உயிரைக் குடித்துவிடும்.

பின்னர் சேர்த்தது: மழையே பெய்யாதபோதும் கூடாரத்தின் உட்பக்கம் நனைந்திருந்ததாக முல்லைத்தீவு வாசகர் ஒருவர் எழுதியிருந்தார். அது ஒழுக்கு அல்ல. நாம் விடும் மூச்சின் ஈரமே குளிர்ந்த சீலையில் பட்டுத் துளியாகிறது. குளிருக்குப் பயந்து எல்லா வாயில்களையும் இழுத்து மூடாமல், மேலுள்ள காற்றுவழியைத் திறந்தே விடுங்கள்.

சூரிய உதயம் பார்ப்பதற்குப் பலர் அதிகாலை இரண்டு மணியளவில் ஏறத் தொடங்குவார்கள். கூடாரத்தையும் பாரமான பையையும் காணிக்காரரிடம் ஒப்படைத்துவிட்டு, தண்ணீர்ப் போத்தல், தலையில் கட்டும் ரோச், தடித்த மேற்சட்டை ஆகியவற்றோடு மட்டும் ஏறுங்கள். ஊர் திரும்பிய அன்றே கூடாரத்தைக் கொடியில் விரித்து, தையல்கள் வரை காய்ந்த பின்னரே மடித்து வையுங்கள்; ஈரத்தோடு மடித்தால் சில நாட்களிலேயே பூஞ்சணம் பிடித்துவிடும்.