கணினி சர்வீஸ் கடையிலிருந்து நிறுவனப் பராமரிப்புக்கு மாறுவது எப்படி

வீட்டுக் கணினியைக் கடையில் விட்டுச் செல்பவர் இரண்டு நாள் பொறுத்துக்கொள்வார். திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியின் பில்லிங் கணினி காலை பத்து மணிக்கு நின்றால், கட்டிய பண்டல்கள் பில் இல்லாமல் வாசலிலேயே கிடக்கும். நிறுவனம் நமக்குப் பணம் தருவது வேலை நிற்காமல் ஓடுவதற்காகத்தான் என்பதை மனத்தில் இருத்திக்கொண்டு இந்த மாற்றத்தைத் தொடங்குங்கள்.

முதல் வாடிக்கையாளரைத் தேடி வெகுதூரம் போக வேண்டியதில்லை. உங்கள் கடைக்கு ஏற்கெனவே பிரிண்டரும் லேப்டாப்பும் கொடுத்தனுப்பும், ஐந்து முதல் பதினைந்து கணினிகள் உள்ள அலுவலகங்களைக் குறித்துக்கொள்ளுங்கள். அவற்றில் ஓர் ஆடிட்டர் அலுவலகம் இருந்தால் அதையே முதலில் அணுகுங்கள்; அவருடைய வாடிக்கையாளர்கள் கணினி விஷயத்திலும் அவரிடம்தான் யோசனை கேட்பார்கள். மாதந்தோறும் தாக்கல் செய்வோருக்கு ஜி.எஸ்.டி. வரிக் கணக்கில் ஜி.எஸ்.டி.ஆர்-1 படிவத்துக்கு 11ஆம் தேதியும் ஜி.எஸ்.டி.ஆர்-3பி படிவத்துக்கு 20ஆம் தேதியும் கெடு என்பதால், அந்த நாட்களை ஒட்டி அங்கே ஃபார்மேட், அப்டேட் போன்ற வேலைகளில் கை வைக்காதீர்கள்.

விலை சொல்வதற்கு முன் அரை நாள் ஒதுக்கி அலுவலகம் முழுவதையும் பாருங்கள். ஒவ்வொரு கணினிக்கும் எண் ஒட்டி, மாடல், வாங்கிய ஆண்டு, ரேம், யூ.பி.எஸ். பேட்டரியின் வயது, டேலி என்ற கணக்கு மென்பொருளின் லைசென்ஸ் யார் பெயரில் உள்ளது என்பது வரை ஒரு பதிவேட்டில் எழுதுங்கள். விண்டோஸ் 10க்கான வழக்கமான பாதுகாப்பு அப்டேட் ஆதரவு 2025 அக்டோபர் 14உடன் முடிந்துவிட்டதால், மாற்ற வேண்டிய கணினிகளைத் தனியே காட்டுங்கள். லைசென்ஸ் இல்லாத விண்டோஸைப் போட்டுத்தரச் சொன்னால் மறுத்துவிடுங்கள். கடையில் அதைச் செய்து பழகியிருந்தாலும், ஒப்பந்தத்தில் கையெழுத்திட்ட பிறகு அந்தப் பொறுப்பு உங்கள் தலையில்தான் விழும்.

பேக்கப்பைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். நான் பொறுப்பேற்ற ஓர் அலுவலகத்தில் எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க்கில் தினமும் பேக்கப் போய்க்கொண்டிருந்தது. ஆனால் அந்த டிஸ்க்கை யாரும் கழற்றியதே இல்லை, நானும் அதைக் கேட்கவில்லை. ஒரு திங்கட்கிழமை கோப்புகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் ரான்சம்வேர் புகுந்தபோது டேலி கோப்புகளோடு பேக்கப்பும் பூட்டப்பட்டு, எல்லாக் கோப்புகளின் பெயருக்குப் பின்னாலும் அறியாத எழுத்துகள் ஒட்டிக்கொண்டு நின்றன. அங்கிருந்த கணக்கர் அம்மா மூன்று வாரம் பில் புத்தகத்தைப் பார்த்து மறுபடியும் பதிவு செய்தார். அன்றிலிருந்து எந்த அலுவலகத்திலும் இரண்டு டிஸ்க்குகளை மாற்றி மாற்றிப் பயன்படுத்தி, ஒன்றைக் கழற்றி வேறிடத்தில் வைக்கச் செய்வதோடு, மாதம் ஒருமுறை பேக்கப்பை வேறொரு கணினியில் ரீஸ்டோர் செய்து, முந்தைய நாளின் கடைசி பில் எண் தெரிகிறதா என்று அவர்கள் கண்முன்னே காட்டுகிறேன்.

ஆண்டுப் பராமரிப்பு ஒப்பந்தத்தை, உதிரிபாகம் சேர்க்காததாகவே முதலில் போடுங்கள். பாகங்களையும் சேர்த்தால், பழைய கணினிகள் இரண்டு மதர்போர்டு மாற்றத்திலேயே ஆண்டு லாபத்தை விழுங்கிவிடும். அழைத்தால் எத்தனை மணி நேரத்தில் வருவீர்கள், மாதம் எத்தனை முறை நேரில் பார்ப்பீர்கள், டோனர், சி.சி.டி.வி. போன்றவற்றில் எவை சேராது என்பதைத் தெளிவாக எழுதுங்கள். கணினிக்கு இவ்வளவு என்று ஊரில் நடக்கும் விலையைச் சொல்லாமல், அந்த அலுவலகம் மாதம் எத்தனை மணி நேரத்தை எடுக்கும் என்று கணக்கிட்டு விலை வைத்து, மூன்று மாதத் தொகையை முன்பணமாகக் கேளுங்கள்.

நிறுவனங்களிடம் பணம் தாமதமாகத்தான் வரும். குறு, சிறு நிறுவனங்களுக்கான அரசின் உத்யம் பதிவு இலவசம், உடனே செய்துகொள்ளுங்கள். பதிவு பெற்ற குறு, சிறு நிறுவனத்துக்கு, எழுத்து ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாட்களுக்குள், இல்லாவிட்டால் 15 நாட்களுக்குள் பணம் தர வேண்டும் என்கிறது 2006ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தர நிறுவனங்கள் மேம்பாட்டுச் சட்டம். ஆண்டு வரவு 20 லட்சத்தைத் தாண்டினால் ஜி.எஸ்.டி. பதிவு கட்டாயம்.

மூன்றாவது ஒப்பந்தத்துக்கு முன் இன்னொருவரைச் சேர்த்துவிடுங்கள். பாஸ்வேர்டுகளும் நெட்வொர்க் வரைபடமும் உங்கள் நினைவில் மட்டும் இருக்கக் கூடாது. ஒரு பிரதியை உறையிலிட்டு ஒட்டி, அந்த நிறுவனத்தின் முதலாளியிடமே கொடுத்துவையுங்கள்.