வாசலுக்குச் செடி வாங்கும் முன் காற்றைப் பாருங்கள்

குமரி மாவட்டத்தில் ஊருக்கு ஊர் காற்று வேறு. குளச்சல், முட்டம் பக்கம் உப்புக்காற்று மெல்லிய இலைகளைக் கருக்கிவிடும். அங்கே வாசலுக்குக் காகிதப்பூவும் சோற்றுக்கற்றாழையும்தான் சரி. ஆரல்வாய்மொழியில் காற்றாலைகளைச் சுழற்றும் அதே காற்று உயரமான தொட்டிகளைச் சாய்த்துவிடும். அகலமான, கனமான மண்தொட்டியில் பாம்புக் கற்றாழை வையுங்கள். குலசேகரம் பக்கத்து ஈரப்பதத்துக்கு ஆந்தூரியமும் பெரணியும் நிழலான சிட் அவுட்டில் அருமையாக வரும்.

தொட்டிக் கலவைக்குக் காசு செலவழிக்க வேண்டாம், நம்மூரில் கதம்பைக்கா (தேங்காய் உரித்த மட்டை) பஞ்சம்! சிறு துண்டுகளாக்கி, சில நாள் தண்ணீரில் ஊறப்போடுங்கள். பழுப்பு நீர் இறங்கும். அதைக் கொட்டிவிட்டுப் புதுத் தண்ணீர் மாற்றுங்கள். நிறம் வெளுத்த பிறகு மண்ணோடும் மட்கிய சாணத்தோடும் கலக்கலாம். இதைத் தவிர்த்தால் கதம்பையிலுள்ள உப்பும் துவர்ப்பும் வேரைப் பாதிக்கும்.

வீட்டுக்குள் கண்ணாடிப் பாட்டிலில் மணி பிளாண்ட் வைத்தால் வாரம் ஒருமுறை தண்ணீரைக் கட்டாயம் மாற்ற வேண்டும். டெங்கு கொசு வளர அந்தக் கொஞ்சம் தண்ணீர் போதும். அப்புறம், தவழும் குழந்தை இருந்தால் அந்தச் செடியை உயரத்தில் வையுங்கள். இலையைக் கடித்தால் வாய் எரிந்து வீங்கும்.