கூன் விழுந்த முதுகுக்கு மூச்சுப் பயிற்சி

22 வருடமாகத் தையல் மெஷின் முன்னால் உட்கார்ந்திருக்கிறேன். ஊசியையே பார்த்துப் பார்த்துக் கழுத்து முன்னால் வந்து, தோள் இரண்டும் உள்ளே மடங்கிவிட்டன. நெஞ்சைத் தூக்கி நிமிர்வேன். பாபின் நூல் தீர்வதற்குள் பழையபடி கூன் விழும். பிசியோதெரபிஸ்ட் ஒருவர் என் விலாவில் கை வைத்துப் பார்த்துவிட்டு, "நிமிர்வது அப்புறம். முதலில் மூச்சை முழுசாக வெளியே விடப் பழகுங்கள்" என்றார்.

அளவெடுக்கும்போது மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பவர்களை எனக்குத் தெரியும். "மூச்சை விட்டுட்டு நில்லுங்க" என்றதும் தோள் தானாக இறங்கும். அதை என் உடம்பில் நான் செய்து பார்த்ததே இல்லை.

முதலில் இஞ்சு டேப்பை எடுங்கள். அக்குளுக்குச் சற்றுக் கீழே மார்பைச் சுற்றிப் பிடியுங்கள். இறுக்க வேண்டாம், வழுக்கி நகர வேண்டும். மூச்சை முழுதாக விட்டு ஓர் அளவு, நன்றாக இழுத்து ஓர் அளவு. வித்தியாசம் 5 செ.மீ. அளவில் இருந்தால் நல்லது. எனக்கு அன்று இரண்டரைதான்.

விலா எலும்புகள் 12 ஜோடி. எல்லாமே பின்னால் முதுகெலும்போடு மூட்டுப் போட்டுச் சேர்கின்றன. அதனால் விலா அசைந்தால் நடு முதுகும் கொஞ்சம் அசையும். மேல் விலாக்கள் முன்பக்கம் உயரும். கீழ் விலாக்கள் வாளியின் கைப்பிடியைத் தூக்குவதுபோலப் பக்கவாட்டில் விரியும். கூனி உட்கார்ந்தால் இந்தக் கீழ்விரிவு குறைந்து, கழுத்துத் தசைகள் மூச்சை இழுக்க ஆரம்பிக்கும்.

சரி, பயிற்சிக்கு வருவோம். மல்லாந்து படுத்து முழங்காலை மடக்குங்கள். கீழ் விலாக்களின் இரு பக்கமும் உள்ளங்கை. மூக்கால் மெதுவாக இழுத்து, உதட்டைக் குவித்து 8 எண்ணும்வரை விடுங்கள். கைக்கு அடியில் விலாக்கள் உள்ளே இறங்குவது தெரிய வேண்டும். தெரியாவிட்டால் இன்னும் கொஞ்சம் காற்று மிச்சம் இருக்கிறது, அதையும் விடுங்கள். முடிவில் 2 விநாடி சும்மா இருங்கள். அடுத்த மூச்சு தானாக வந்து இரண்டு கைகளையும் வெளியே தள்ளும். எனக்கு வலது கை நகர்ந்தது, இடது கை அப்படியே கிடந்தது. இதுபோல் 6 மூச்சு போதும்.

நகராத பக்கத்துக்கு: அந்தப் பக்கம் மேலே இருக்கும்படி ஒருக்களித்துப் படுங்கள். கீழே இருக்கும் விலாவுக்கு அடியில் தலையணை. மேல் கையைத் தலைக்கு மேலே நீட்டுங்கள். மேலே இருக்கும் பக்கத்து விலாக்களுக்கு இடையில் காற்றை அனுப்புவதாக நினைத்து 6 மூச்சு. இடது பக்கம் இளக எனக்கு 10 நாள் ஆனது.

முதுகுக்கு: மேசைமேல் கைகளைக் கட்டி, நெற்றியை வைத்துச் சாய்ந்து, தோள்பட்டைகளுக்கு நடுவில் மூச்சு நிரம்பட்டும். இது உட்கார்ந்த இடத்திலேயே ஆகும்.

கடைசியாக, துண்டைச் சுருட்டித் தோள்பட்டைகளுக்குக் கீழே குறுக்காக வைத்து மல்லாந்து படுத்து, மூச்சை விடும்போது கைகளைத் தலைக்கு மேலே கொண்டுபோங்கள். இடுப்பு வளைந்து கீழ் விலாக்கள் துருத்தினால் துண்டு அதிகப் பருமன், மெல்லியதாகச் சுருட்டுங்கள். எலும்புத் தேய்மானம் உள்ளவர்கள் இதை விட்டுவிடுங்கள்.

தலை சுற்றினால் நிறுத்திச் சாதாரணமாக மூச்சு விடுங்கள். நெஞ்சு வலி, மூச்சுத் திணறல், விலா முறிவு, சமீபத்திய அறுவை சிகிச்சை இருந்தால் டாக்டரைக் கேட்காமல் தொடங்க வேண்டாம்.

தினமும் 10 நிமிடம் செய்து, 8 வாரம் கழித்து அளந்தேன்: 4 செ.மீ. இப்போது ஒவ்வொரு முறை பாபின் மாற்றும்போதும் மேசையில் சாய்ந்து மூன்று நீள மூச்சு விட்டுவிட்டுத்தான் அடுத்த தையல் போடுகிறேன்.